விளையாட்டு நேரம் இரண்டு மணி பத்து நிமிஷம்

"இன்னும் அரை மணி நேரம் இருக்குதுங்க சார், அது வரைக்கும் பையனைத் தூங்க விட்றாதீங்க, மருந்து குடுத்தப்புறந்தான் தூங்கணும்"னு சொல்லிட்டு சிஸ்டர் கதவைச் சாத்திட்டுப் போயிட்டாங்க. அரை மணி நேரம். அரை மணி நேரத்துல ஒரு மனுசனால ஒரு வாக்கியம் சொல்ல முடியாதா? ரேணுகா, டைரில நான் எழுதினதெல்லாம் பொய். எண்ணிப் பாத்தா அஞ்சே வார்த்தை. கட்டுன பொண்டாட்டிகிட்ட சொல்றதுக்கு அஞ்சு வார்த்தை. பக்கத்துல உக்காந்தாளுன்னா சொல்லிருவேன், அவ உக்காரவே மாட்டேங்கறா. தர்ஷித்தைத் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரி வராண்டாவுல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கறா, ஈரக் கர்சீப்பால அவன் மூஞ்சியத் தொடைக்கறா, "தூங்காத சாமி, தூங்காத தங்கம், அங்க பாரு ஃபேனு, ஃபேனு சுத்துது பாரு"ங்கறா. அவன் கண்ணு சொக்கிச் சொக்கி விழுகுது. காலைல நாலு மணிக்கு எழுப்பினது. சிஸ்டர் ஃபோன்ல சொன்னபடி லேட்டாத் தூங்க வெச்சு, சீக்கிரமா எழுப்பி, வர்ற வழியில வண்டியில கண்ணு அசர விடாமக் கூட்டிட்டு வந்தாச்சு. தூங்கற புள்ளைய எழுப்பறது பாவம்னா அந்தப் பாவமும் என் தலையிலதான். மூணு வயசு ஏழு மாசம், இன்னும் ஒரு வார்த்தை பேசலை. தலையில வயரு ஒட்டி, காதுக்குள்ள டிக் டிக்னு சத்தம் விட்டு, அது மூளைக்குப் போய்ச் சேருதான்னு மிஷின்ல பாப்பாங்களாம். அதுக்கு அவன் அசையாமத் தூங்கணும். இந்த வயசுப் புள்ள தானா அப்படித் தூங்காதுன்னு ஒரு மருந்து குடுப்பாங்களாம். எதுக்கு இத்தனையும்? நான் எழுதின பொய்யை நம்பித்தான். ரேணுகா திரும்பி வர்றா. வாயத் தொறந்தேன். "ஏனுங்க, ஃபைல்ல எல்லாம் இருக்குதுல்ல? டைரி எடுத்தாந்தீங்களா?"ன்னா. "இருக்குது"ன்னேன். திரும்பிப் போயிட்டா.

டைரி என் மடியிலதான் இருக்குது. இங்க பேச்சுப் பயிற்சி குடுக்கற மேடம் முப்பது நாளைக்கு எழுதச் சொல்லிக் குடுத்தது. பக்கத்துக்கு ரெண்டு கட்டம். மேல் கட்டத்துல ஃபோனு, டிவி பாத்த நேரம். கீழ்க் கட்டத்துல விளையாடின நேரம், என்ன விளையாட்டு, யாரு கூட. "உள்ளது உள்ளபடி எழுதுங்க சார், குறைச்சு எழுதினா நமக்குத்தான் ஒண்ணும் புரியாது"ன்னு அன்னிக்கே சொன்னாங்க அந்தப் புண்ணியவதி. நானும் உள்ளது உள்ளபடிதான் ஆரம்பிச்சேன், சத்தியமா. முதல் நாள் பொழுதோட ஆறு மணிக்குப் பேனாவ எடுத்து மேல் கட்டத்துல ஆறு மணி நாப்பது நிமிஷம்னு எழுதினேன். கீழ்க் கட்டத்துல எழுத ஒண்ணுமில்லை. பேனாவ வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறேன், மாடிப்படியில ரேணுகா செருப்புச் சத்தம் கேக்குது. பஸ்ஸ விட்டு எறங்கி வந்துட்டா. வந்ததும் என்ன கேப்பான்னு எனக்குத் தெரியும். சரக்குனு அந்தப் பக்கத்தைக் கிழிச்சு ஜோப்புக்குள்ள போட்டுக்கிட்டு, அடுத்த பக்கத்துல ஃபோன் ஒரு மணி நேரம்னு எழுதினேன், விளையாட்டு ரெண்டு மணி பத்து நிமிஷம்னு எழுதினேன். அந்தப் பத்து நிமிஷம் இருக்குது பாருங்க, அது என் தொழில் புத்தி. நான் கல்யாண ஆல்பம் டிசைன் பண்றவன். மாப்பிள்ளை கண்ணு மூடியிருந்தா வேற படத்துல இருந்து தொறந்த கண்ணை எடுத்து ஒட்டுவேன். கோவிச்சுக்கிட்டு வராமப் போன சித்தப்பனைக் குரூப்புல சிரிச்சுட்டு நிக்க வெப்பேன். எல்லாத்தையும் பளிச்சுனு பண்ணினா பொய்யின்னு தெரிஞ்சிரும், ஓரத்துல கொஞ்சம் நிழல் விடணும், ஒரு மடிப்பு, ஒரு கசங்கல். பன்னெண்டு வருசமா எனக்குச் சோறு போடறது அந்தக் கசங்கல்தான். வெறும் ரெண்டு மணின்னா எவன் நம்புவான், பத்து நிமிஷம் ஒட்டிக்கிட்டு நின்னாத்தான் நெசம்னு தோணும். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன, அப்புறம் தினமும் எழுதினேன். ஒரு நாள் நீலப் பேனா, ஒரு நாள் கறுப்பு. ஒரு பக்கத்துல டீ டம்ளரை வெச்சு எடுத்து வட்டம் விழுக வெச்சேன். ஒரு பக்கத்துல, இன்னிக்குக் காய்ச்சல், விளையாடலைன்னு போட்டேன். இல்லாத காய்ச்சல். அதை எழுதறப்ப மட்டும் கை நின்னுச்சு, புள்ளைக்கு நாமளே சீக்கு வரவெக்கறமேன்னு. நின்னுட்டு எழுதிருச்சு.

ஏழு மணி நேரம் எப்படியப்பா ஆகுதுன்னு கேப்பாங்க. ஏழு மணி நேரமா ஒண்ணும் ஆகறதில்லை, அஞ்சு அஞ்சு நிமிஷமாத்தான் ஆகுது. ரேணுகா எட்டு மணி பஸ்ஸுக்குப் போனா ஆறரைக்குத்தான் வருவா, கூட்டுறவு சங்க ஆபீஸ்ல வேலை. நடுவுல நானும் அவனும் கம்ப்யூட்டரும். இட்லி ஊட்டறப்ப அஞ்சு நிமிஷம். ஆல்பம் குடுத்த கல்யாணப் பொண்ணோட அப்பா லைன்ல வந்து "எங்க சம்பந்தி மூஞ்சி ஏன் இப்படிக் கருத்துக் கெடக்குது"ன்னு கத்தறப்ப, பின்னால இவன் அழுதா அந்தாளு வேற கோவிச்சுக்குவானேன்னு பழைய ஃபோனைக் கையில குடுத்தா, அது அரை மணி. அப்புறம் பாத்தா புள்ள அமைதியா இருக்குது. அமைதியா இருக்கற புள்ளையப் போய் எவனாச்சும் கெடுப்பானா. லாரி கழுவற வீடியோ பாப்பான். சேறு புடிச்ச லாரி வரும், நொரை அடிப்பாங்க, தண்ணி அடிப்பாங்க, பளபளன்னு போயிரும். அப்புறம் பஸ்ஸு. அப்புறம் ஜேசிபி. உலகத்துல இருக்கற வண்டியெல்லாம் குளிச்சு முடிக்கட்டும்னு நானும் விட்ருவேன். வெளிய விடலாமில்ல? எங்க விடறது? மாடி வீடு, படிக்குக் கதவு இல்லை, கீழ எறங்கினா ரோடு, ரோட்டுல தண்ணி டேங்கர் சும்மா சர்ரு சர்ருன்னு போகுது. பார்க்குக்குப் போனேன், போகலைன்னு சொல்லாதீங்க, ரெண்டாவது நாளே போனேன். சறுக்குல ஏத்தி உக்கார வெச்சேன். அவன் மேல இருந்து என்னையப் பாத்தான், நான் கீழ இருந்து அவனைப் பாத்தேன். சறுக்கி வரணும்னு அவனுக்குத் தெரியலை, வான்னு எப்படிக் கூப்பிடறதுன்னு எனக்குத் தெரியலை. பின்னால நாலு புள்ளைங்க, "அங்கிள், அவனைத் தள்ளி விடுங்க அங்கிள்"னு கத்துதுங்க. தூக்கிட்டு வந்துட்டேன். வீட்ல பிளாக்ஸ் வாங்கிக் கொட்டினேன். ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினேன், பாத்தான். இடிச்சு விட்டேன், பாத்தான். அடுத்து என்ன பண்றதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியலை. எனக்கு வெக்கமா இருந்துச்சு. மூணு வயசுப் புள்ள முன்னால முப்பத்தஞ்சு வயசு ஆம்பளைக்கு வெக்கம். மூணாவது நாள் ஃபோனை பீரோவுல வெச்சுப் பூட்டினேன். தரையில தலைய முட்டினான். முட்டிக்கிட்டே இருந்தான், நாப்பது நிமிஷம், நெத்தி செவந்து வீங்கிப் போச்சு. எடுத்துக் குடுத்தேன். குடுத்ததும் தேம்பிக்கிட்டே சிரிச்சான், அந்தச் சிரிப்புகிட்டத் தோத்துப் போயிட்டேன். அதுக்கப்புறம் நான் பீரோவைப் பூட்டவே இல்லை.

இங்க வராண்டாவுல ஒரு பொண்ணுக்குட்டி தண்ணி பாட்டில் மூடிய உருட்டி விட்டு அது பின்னாலயே ஓடுது. அவங்க அம்மா "ஏய், அழுக்குடி, தொடாத"ன்னு அதட்டறாங்க, அது கேக்கறதா இல்லை. மூடி ரேணுகா காலுக்குப் பக்கத்துல வந்து நின்னுச்சு. ரேணுகா தர்ஷித்தைத் திருப்பி, "பாரு சாமி, பாப்பா மூடி உருட்டுது, நீயும் உருட்டறியா?"ங்கறா. அவன் மூடியப் பாக்கலை. என் சட்டைப் பையப் பாக்கறான். ஃபோன் அதுலதான் இருக்குது, அது டிங்னு ஒரு சத்தம் போட்டாப் போதும், இவன் பாஞ்சுருவான், என் மானம் கப்பலேறிரும். பை மேல கைய வெச்சு மறைச்சுக்கிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறவனுக்கு இது என்ன பெரிய விஷயம். பூசணிக்காய்னா பூசணிக்காய் இல்லை, நான் ஒரு பார்க்கையே மறைச்சவன். மறைச்சவன் என்ன, செஞ்சவன். மேடம் பாட்டுக்கு, "விளையாடறப்ப ஒரு ஃபோட்டோ அனுப்புங்க சார்"னுட்டாங்க. இவனை ஸ்டூல்ல உக்கார வெச்சு ஒரு படம் எடுத்தேன். கம்ப்யூட்டர்ல மயிரு மயிரா வெட்டினேன். பார்க் படம் ஒண்ணுல ஊஞ்சல்ல உக்கார வெச்சேன், சங்கிலியக் கையில புடிக்க வெச்சேன், விரலுக்குக் கீழ நிழல் போட்டேன். நல்லா வந்துச்சு. அதான் கேவலம், நல்லா வந்துச்சு, நாற்காலில சாஞ்சு உக்காந்து நானே ரசிச்சேன். ரேணுகா அதை ஸ்டேட்டஸ் வெச்சா. ஆபீஸ்ல எல்லாரும் பாத்தாங்களாம், உங்க வீட்டுக்காரர் மாதிரி வருமான்னாங்களாம். அன்னிக்குப் பொழுதோட இவனை முன்னால நிக்க வெச்சு, "ஊஞ்ச ஆடினியா கண்ணு? அப்பா தள்ளி விட்டாரா?"ன்னு கேட்டா. இவன் அவ வாயையே பாத்தான். நான் சமையக்கட்டுல நின்னு காதைத் தீட்டிக்கிட்டு இருக்கறேன். இவன் பேச ஆரம்பிச்சான்னா முதல்ல என்னையத்தான் சொல்லுவான்னு ஒரு பயம். இப்பப் பேச வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்னு ஒரு நெனப்பு. பெத்த புள்ள பேசக்கூடாதுன்னு நெனச்ச அப்பன் இந்த ஊருல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். ஒரு நிமிஷந்தான் நெனச்சேன். நெனச்சேன்ல?

முப்பது நாள் முடிஞ்சு மேடம் டைரிய முன்னும் பின்னும் பொரட்டினாங்க. "இவ்வளவு நல்லாப் பாத்துக்கறீங்க. ஃபோனும் கம்மி, விளையாட்டும் இருக்குது. அப்படியும் பேரு சொன்னாத் திரும்பறதில்லை, வார்த்தை வரலைன்னா, நாம முதல்ல காதைப் பாத்திரணும்"னாங்க. ரேணுகா அழுகலை. என் கையப் புடிச்சு, "நீங்க இவ்வளவு பாடுபட்டும் இப்படி ஆயிருச்சேங்க"ன்னா. அங்க சொல்லியிருக்கணும். சொல்ல வேண்டிய இடம்னு ஒண்ணு இருந்துச்சுன்னா அதான். காது கேக்கும்ங்க மேடம், சமையக்கட்டுல ஃபோன் முனகினா ஹால்ல இருந்து ஓடி வருவான், சார்ஜரை உருவற சத்தங்கூடக் கேக்கும், பேரு சொன்னா மட்டுந்தான் கேக்காது. எப்படிச் சொல்றது, டைரிப்படி அவன் ஒரு மணி நேரத்துக்கு மேல ஃபோனைத் தொடாத புள்ளை. ஃபோனாலதான் பேச்சு வரலையா, வேற எதாச்சுமான்னு அவங்களுக்கும் தெரியாது, தெரிஞ்சுக்கத்தான் டைரியே குடுத்தாங்க, அந்த ஒரு வழியையும் நான் அடைச்சுட்டு உக்காந்திருக்கறேன். இதுல இன்னொண்ணு இருக்குது. யாருகிட்டயும் சொல்லாதது. காதுல கோளாறுன்னே வந்துட்டா? வந்துட்டா நான் காரணமில்லை. காதுக்கு மிஷின் மாட்டிக்கலாம், இப்பல்லாம் சின்னதா வருதாம், ரேணுகா கொஞ்ச நாள் அழுவா, நான் தேத்துவேன், டைரிய யாரு தேடப் போறாங்க. த்தூ. என்ன ஜென்மம்டா நீ பூபதி. வேண்டாம்னு தள்ளினாலும் கூசற பல்லுக்கு நாக்கு போற மாதிரி மனசு அங்கயே போகுது. சில சத்தம் கேக்கும், சில சத்தம் கேக்காதுங்கறாங்கல்ல, ஃபோன் சத்தம் கேக்கும், அப்பன் குரல் கேக்காது, அப்படி ஒரு கோளாறு இருக்காதா? லேசா இருந்தாப் போதும். முருகா, லேசா. இந்த வேண்டுதல் மட்டும் சென்னிமலையான் காதுல விழுந்துச்சுன்னா எறங்கி வந்து செருப்பாலயே அடிப்பான்.

கதவு தொறந்துச்சு. சிஸ்டர் கையில சின்ன கப்பு, உள்ள என்னமோ செவப்பா. "அப்பா கை ரெண்டையும் புடிச்சுக்கோங்க, அம்மா தலைய அசைய விடாமப் புடிங்க." இப்ப. இப்பச் சொல்லணும், உள்ள போயிருச்சுன்னா போனதுதான். "சிஸ்டர்"னேன். "சொல்லுங்க சார்." "இல்ல, ஒரு சந்தேகம், இந்த டைரியில எழுதறதெல்லாம் கொஞ்சம் முன்ன பின்ன இருந்துச்சுன்னா..." சிஸ்டர் சிரிச்சுட்டாங்க. "எந்த வீட்லங்க சரியா எழுதறாங்க? மேடம் எப்பவுமே ஃபோன் நேரத்தை ரெண்டால பெருக்கிக்குவாங்க." ரேணுகா வெடுக்குனு நிமிந்தா. "எங்க வீட்ல அப்படி இல்லீங் சிஸ்டர். இவரு நிமிஷம் மொதக்கொண்டு எழுதி வெச்சிருக்கறாரு." அவ குரல்ல அப்படி ஒரு பெருமை. நான் மருமகனா அவங்க வீட்டு வாசப்படி ஏறின நாள்ல கூட அப்படி ஒரு பெருமையப் பாத்ததில்லை. ரெண்டால பெருக்கினாலும் ரெண்டு மணிதான வருதுன்னு நெனச்சுக்கிட்டே நான் அவன் கையப் புடிச்சேன். மணிக்கட்டு ரெண்டும் என் ஒரு கைக்குள்ள அடங்கிப் போச்சு. மருந்து கசக்குமாட்ட இருக்குது, துப்பினான், ஒதைச்சான், மூக்குல ஏறி இருமினான். இருமிக்கிட்டே என்னையப் பாத்தான். அவங்க அம்மாவையோ சிஸ்டரையோ பாக்கலை, என்னைய. நான் புடிச்ச புடிய விடலை. முக்கால்வாசி உள்ள போயிருச்சுன்னாங்க சிஸ்டர், இருபது நிமிஷத்துல தூங்கிருவான்னாங்க.

இருபது நிமிஷம் ஆச்சு, இருபத்தஞ்சு ஆச்சு, தூங்கலை. காலைல இருந்து தூங்காத தூங்காதன்னு உலுக்கின புள்ளைய இப்பத் தூங்கு தூங்குன்னா அது என்ன பண்ணும். தலை நிக்காம ஆடுது, கை எதையோ தேடுது, ஈனக் குரல்ல அழுகறான். சிஸ்டர் ரெண்டு தடவை எட்டிப் பாத்துட்டு, "பத்து நிமிஷத்துல தூங்கலைன்னா இன்னிக்கு முடியாதுங்க, இன்னொரு நாள் மறுபடியும் முதல்ல இருந்து வரணும்"னாங்க. மறுபடியும் நாலு மணி, மறுபடியும் அந்தக் கப்பு. ரேணுகா என் மடியில இருந்த டைரியப் பறிச்சா. மடமடன்னு பொரட்டினா. "ஏனுங்க, இதோ, மத்தியானம் பாட்டுப் பாடித் தூங்க வைத்தேன்னு எழுதியிருக்கறீங்கல்ல? இங்க, இந்தப் பக்கத்துல, தினமுமே இருக்குது. அதைப் பாடுங்க." எனக்கு எந்தப் பாட்டு தெரியும்? "இங்கயா? ஆளுக இருக்கறாங்க"ன்னேன். "பாடுங்கங்கறேன்"னு அவனை என் மடியில போட்டுட்டா. வராண்டாவே என்னைப் பாக்குது. எனக்கு முழுசாத் தெரிஞ்ச பாட்டு ஒண்ணே ஒண்ணு. செவுத்துக்கு அந்தப் பக்கம் இவன் ஃபோன்ல ஒரு நாளைக்கு நாப்பது தடவை ஓடி, நான் வேண்டாம்னாலும் மண்டையில ஏறிக்கிட்டது. வாத்துக்குட்டி தூங்குது, வாலை மடிச்சுத் தூங்குது, ஆத்துத் தண்ணி தூங்குது, அசையாமத் தூங்குது. என் குரல் எனக்கே சகிக்கலை. அவன் அழுகைய நிறுத்திட்டான். ரெண்டாம் வாத்து தூங்குச்சு, மூணாம் வாத்து தூங்குச்சு, அவன் உடம்பு இளகி என் நெஞ்சுல சாஞ்சுது. நாலாம் வாத்துல கண்ணு மூடுச்சு. அம்மா வாத்தும் தூங்குதுன்னு கடைசி வரிய இழுத்து முடிச்சேன். முடிச்ச அந்த நொடி, மூடின கண்ணோட அவன் வலது கை மேல வந்துச்சு. ஆள்காட்டி விரலை என் சட்டை மேல வெச்சு, கீழ இருந்து மேல ஒரு தள்ளுத் தள்ளினான். அடுத்த வீடியோ வரலை. மறுபடியும் ஒரு தள்ளு. அப்புறம் கை நழுவி விழுந்துச்சு, தூங்கிட்டான்.

"கேக்குதுங்க"ன்னா ரேணுகா. எனக்கு முன்னால முட்டி போட்டு உக்காந்துட்டா. "இவனுக்குக் காது நல்லாக் கேக்குதுங்க. பாட்டு முடியற எடங்கூடத் தெரிஞ்சிருக்குது பாருங்க." ரெண்டு மாசமா நான் பாக்காத சிரிப்பு அவ மூஞ்சியில. ஒரு மூச்சு நேரம் இருந்துச்சு அந்தச் சிரிப்பு. அப்புறம் அவ கண்ணு என் சட்டையில அவன் விரல் பட்ட எடத்துக்கு வந்துச்சு. அங்கயே நின்னுச்சு. அந்தப் பாட்டு எந்தப் பாட்டு, அந்தத் தள்ளு எந்தத் தள்ளுன்னு அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவளும் ஃபோன் வெச்சிருக்கறவதான். "எத்தனை மணி நேரமுங்க?"ன்னா. சத்தமே இல்லாமத்தான் கேட்டா. "ஏழு"ன்னேன். "சில நாள் எட்டு." அவ என்னையத் திட்டுவான்னு காத்திருந்தேன், திட்டினா நல்லா இருக்கும்னு இருந்துச்சு, திட்டலை. சிஸ்டர் கதவைத் தொறந்து, "தூங்கிட்டானா? வாங்க வாங்க, டைரியும் கொண்டாங்க, மேடம் உள்ளதான் இருக்கறாங்க"ன்னாங்க. ரேணுகா அவனை அலுங்காமத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டா. டைரிய என் கையில வெச்சா. "நீங்களே குடுங்க"ன்னா. "சும்மா நீட்டாதீங்க, வாயத் தொறந்து சொல்லிக் குடுங்க." சொல்லிட்டு உள்ள போயிட்டா. நான் எந்திரிச்சு அவ பின்னாலயே போனேன், வாய் இன்னும் தொறக்கலை.